அபிஷா கொண்டுவந்த குலை

அபிஷா என்ற பெண்ணின் படிப்பை நிறுத்தியவன் நான். போதகர் அல்ல. சபைக் கமிட்டி அல்ல. நான்.

இரண்டு வருடமாக ஊர் வேறொருவரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நானும் கூடச் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான். தெரிந்திருந்தால் உங்கள் முன்னாலும் தலையாட்டியிருப்பேன்!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நெய்யூர்ப் பக்கம் வீடு. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். தோட்டங்களிலிருந்து வாழைக்குலை ஏற்றிச் சந்தையில் இறக்குவது தொழில். நீங்கள் தார் என்பீர்கள். எங்களுக்கு அது குலை. படிப்பு நின்றாலும் வாசிப்பு நிற்கவில்லை. வேதப்புத்தகமும் செய்தித்தாளும் வாசித்து வாசித்து வந்த எழுத்து இது. பிரசங்கம் போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பயந்த பிறவி. குலையைக் கட்டிய கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி நான்காம் தடவை இழுப்பேன். என் மனைவி ஷீலா இதற்கு வைத்திருக்கும் பெயர் வெப்ராளம்; பதற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மனுசனுக்க வெப்ராளத்தப் பாத்து அடுப்பே தானா அணைஞ்சிரும்" என்பாள்.

அந்த வெப்ராளம்தான் ஒருநாள் விதியாக மாறியது.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை உண்டு. அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், சேவல், ஒரு கூடை முட்டை... ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அத்தனையும் ஏலத்துக்கு வரும். இதைச் சந்தை ஏலம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கல்ஃபிலிருந்து வந்தவர் ஒருவரும் ரப்பர் தோட்டக்காரர் ஒருவரும் எதிரெதிரே நின்றுவிட்டால் ஒரு சேவல் ஆட்டின் விலைக்குப் போகும். வீம்புக்கும் விசுவாசத்துக்கும் நடுவே எங்கேயோ அந்தக் காசு விழுகிறது.

அந்தக் காசில்தான் சபையில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. முழுக் கட்டணம். திருப்பித் தர வேண்டியதில்லை.

ஏலம் கூவுவது நான். சந்தையில் உரம் ஏறிய தொண்டை. மைக்கே தேவையில்லை என்பார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடிக்கும். இதையும் ஒளிக்கப் போவதில்லை.

ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏலம் முடிந்ததும் எனக்குள் ஒரு அரிப்பு தொடங்கும். நாம் தொண்டை கிழியக் கூவிச் சேர்த்த காசில் படிக்கிறானே, அவன் ஒழுங்காகப் படிக்கிறானா? ஒருவன் இரண்டாம் வருடம் முடியுமுன்னே யாரிடமும் சொல்லாமல் துபாய்க்குப் போனான். இன்னொருவனுக்கு எத்தனை பாடத்தில் அரியர் என்று அவனுக்கே கணக்கு இல்லை. மூன்றாமவனைச் சந்தையில் பார்த்துக் கேட்டேன். "பரீட்ச எப்பம் மக்களே?" அவன் வண்டியை உறும விட்டபடியே, "முடிஞ்சுட்டு மாமா, நான்தான் போகல்ல" என்றான்.

முடிந்துவிட்டதாம். இவன் போகவில்லையாம்... எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல!

என் எரிச்சலுக்கு ஒரு பழைய வேர் உண்டு. எட்டாம் வகுப்பில் ஒருநாள் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கினேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. யாரும் தேடி வரவில்லை. என் அப்பா ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார். "செரி, நாளைக்கு எனக்க கூட சந்தைக்கு வா" என்றார். முடிந்தது என் கல்வி. அடுத்த வீட்டுப் பையன் ஒருவன் கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அவனும் ஒருநாள் போகமாட்டேன் என்று உட்கார்ந்தான். அவன் அப்பா தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு, "துட்டு கெட்டியிருக்கேன்லே, துட்டு கெட்டியிருக்கேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியபடி பள்ளி வாசல் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். அவன் இன்று அரசாங்க அதிகாரி.

துட்டுக் கட்டிய பிள்ளையைத்தான் தேடி வருவார்கள். அந்த வயதில் எனக்கு விளங்கியது இது. இலவசமாகக் கிடைத்ததை விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் நட்டமில்லை. நமக்கும் நட்டம் தெரிவதில்லை. இதைத் தவறு என்று நீங்கள் சொல்லிவிட முடியுமா? எனக்குச் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

அப்போதிருந்த போதகர் இளவயதுக்காரர். எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்தார். ஒருநாள் அவருடைய பைக் பழுதாகிக் கிடந்ததால் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் மெல்ல எடுத்துவிட்டேன்.

"ஐயா, சும்மா கெடைக்கது தங்காது. படிக்குத பிள்ளைகளும் ஒரு பங்கு போடணும்."

"அவங்க எங்கேந்து போடுவாங்க அண்ணே? இல்லாத வீடுன்னுதானே நாம கெட்டுதோம்."

"துட்டு வேண்டாம் ஐயா. சொந்தக் கையால உண்டாக்கின ஒரு சாதனம். ஒரு பூசணிக்காயோ, ஒரு கோழியோ. பண்டிகைக்குக் கொண்டு வரட்டும், ஏலத்துல போட்டிருவோம். அதாக்கும் பங்கு."

அவர், "நல்லாத்தான் இருக்கு. கமிட்டியில நீங்களே சொல்லுங்க" என்றார்.

"நான் சொன்னா, எட்டாங்கிளாசுக்காரனுக்குப் படிக்குத பிள்ளைகள் மேல பொறாமைன்னு சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க ஐயா. எனக்க பேரு வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் சொன்னார், கமிட்டி ஏற்றது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. அடுத்த பண்டிகையிலிருந்து, சபையின் உதவியில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் சொந்த உழைப்பில் ஆன ஒரு காணிக்கையை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் நான்காம் வரிசையில் உட்கார்ந்து, முதல்தடவையாகக் கேட்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பொறாமையா அது? நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டுப் பார்க்கிறேன்... ஒன்று மட்டும் தெரியும். பொறாமை இல்லாதவன், "எனக்க பேரு வேண்டாம்" என்று சொல்லியிருக்க மாட்டான்.

அபிஷாவைப் பற்றி இனிதான் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா லில்லி முந்திரி ஆலையில் பருப்பு உரிப்பவள். அப்பா கொத்தனார் வேலைக்கென்று கேரளத்துக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பம் ஆகிவிட்டவர். அபிஷா அப்போது நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடம். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வார்டு. மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போவாள்.

விதி வாசித்த அடுத்த வாரமே அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, ஒரு ஏத்தங்கன்னு தருவியளா? வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் எடம் கெடக்கு. பண்டிகைக்குக் குலை வெட்டிரலாம் இல்லியா?"

நல்ல நேந்திரங்கன்றாகப் பார்த்து நானே கொடுத்தேன். காசு வாங்கவில்லை. பார்த்தீர்களா, படிக்கிற பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்குள் ஒரே பெருமை! மற்றதெல்லாம் எப்படி முடிந்திருந்தாலும், அந்த ஒரு சாயங்காலம் நான் நினைத்தது சரியென்றுதான் இருந்தது.

மாதத்தில் கிடைத்த இரண்டு விடுமுறையிலும் அவள் அந்த வாழையடியில்தான் நின்றாள். மண் அணைத்தாள், உரம் வைத்தாள். காற்றுக் காலம் வந்தபோது கம்பு நட்டு முட்டுக் கொடுத்தாள். அந்த வருடம் காற்று எத்தனையோ பெரிய தோட்டத்தைச் சாய்த்தது. அவளுடைய ஒற்றை வாழை நின்றது.

பண்டிகை நாள் வந்தது. உதவி வாங்கும் மாணவர்கள் நான்கு பேர். ஒருவன் பேக்கரியிலிருந்து கேக் கொண்டுவந்தான். ஒருவன் நாகர்கோவிலில் வாங்கிய ஆப்பிள் பெட்டி. மூன்றாமவன் பிளாஸ்டிக் தாள் பிரிக்காத ஒரு சுவர்க் கடிகாரம்.

"இது சொந்தக் கையால ஆனதாலே?" என்று கடிகாரக்காரனைக் கேட்டேன்.

"ஆமா மாமா. பஸ் ஸ்டாண்டுல இருந்து சொந்தக் கையாலதான் தூக்கிட்டு வந்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? விதியை இயற்றியவன் என்று சொல்லிக்கொள்ள முடியாதவனுக்கு, விதியை மீறியவனைத் திட்டவும் வாய் இல்லை!

அபிஷா மட்டும்தான் குலை கொண்டுவந்தாள். சிறிய குலை. ஐந்து சீப்பு. சந்தைக்கு வந்தால் நான் ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பேன். ஆனால் காய் ஒவ்வொன்றும் திரண்டு, பச்சை மினுங்கியது.

கேக் நல்ல விலைக்குப் போயிற்று. ஆப்பிள் போயிற்று. கடிகாரம்கூடப் போயிற்று. அடுத்து இந்தக் குலை. கடையில் வாங்கி வந்தவனுக்கு ஆயிரக்கணக்கில். பத்து மாதம் தண்ணீர் விட்டவளுக்கு நூற்றைம்பதா? இந்தப் பிள்ளை முகம் வாடிவிடாதா? விதியே அசிங்கப்பட்டுப் போகாதா?

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

"ஏட்டி அபிஷா, இஞ்ச வா. எல்லாரும் பாக்கட்டும், நீயே பிடிச்சுக்கோ" என்று குலையை அவள் கையில் கொடுத்து, பந்தலின் நடுவே மேசைக்கு அருகில் நிறுத்தினேன். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தேன்.

"சபையாரே, இது கடைச் சாதனம் இல்ல. நம்ம சபை துட்டு கெட்டிப் படிக்க வைக்குத பிள்ளைக்க குலை. அப்பன் கைவிட்ட பிள்ள. அம்மை முந்திரி உரிச்சு வளத்த பிள்ள. இதுக்கு என்ன வெல கேக்குதிய?"

விலை ஏறியது. ஐநூறு, ஆயிரம், ஆயிரத்து ஐநூறு... கல்ஃபிலிருந்து விடுமுறையில் வந்தவர் ஒரு பக்கம். ரப்பர் தோட்டக்காரர் மறுபக்கம். இரண்டாயிரம் தாண்டியது. அன்றைய கேக்கையும் தாண்டியது. என் தொண்டை தானாகவே உயர்ந்தது. அபிஷா குலையின் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாயிரத்து ஐநூறில் விலை நின்றது. அப்போது கல்ஃப்காரர் சொன்னார்: "அண்ணே, நர்சுக்குத்தானே படிக்கா? எங்க அம்மைக்கு டெய்லி வீட்டுல வந்து ஊசி போடுவாளான்னு கேளுங்க. இன்னும் ஒரு ஐநூறு கூட்டுதேன்."

பந்தல் சிரித்தது.

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "கேக்க என்னத்துக்கு? துட்டு நம்மளுதாக்கும். பின்ன வராம எங்க போவா?"

பந்தல் இன்னும் பலமாகச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு கேட்டது.

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது. ஊரிலேயே பெரிய தொண்டை என்னுடையது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை... என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"மூவாயிரம் ஆயாச்சு. மூவாயிரம் ஒரு தரம்..."

சொல்லும்போது நானும் சிரித்தேன். மைக்கில் அந்தச் சிரிப்பு கேட்டது. அது எனக்கு இன்னும் கேட்கிறது.

அன்றைக்கு அதிகபட்ச விலை அதுதான். ஆண்கள் வந்து என் தோளைத் தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது மேசையில் குலை மட்டும் கிடந்தது. அபிஷாவைக் காணோம்.

பத்து நாள் கழித்து லில்லி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, அவ காலேஜுக்குப் போகமாட்டேங்கா. சாமானம் எல்லாம் விடுதியில இருந்து எடுத்துட்டு வந்துட்டா."

"எதுக்காக்கும்?"

"படிச்சு முடிச்சா இந்த ஊருல எல்லா வீட்டுக்கும் நான் கடன்காரியாக்கும்னு சொல்லுதா. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், அடிச்சும் பாத்துட்டேன்." பிறகு கேட்டாள்: "கன்னு தந்தது நீங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா இந்த விதிய யாரு அண்ணே கொண்டு வந்தது?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராக என் வாயில் இருந்தது. எடுத்து வைப்பதுதான் பாக்கி.

"போதகர்தான்" என்றேன்.

பொய் இல்லையே, கமிட்டியில் சொன்னவர் அவர்தானே என்று அப்போதே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எத்தனை வேகமாகக் கிடைத்துவிடுகிறது நமக்குச் சமாதானம்!

அதன் பிறகு எல்லாரும் போதகரைப் பேசினார்கள். பந்தலில் சிரித்தவர்களும் பேசினார்கள். அவர்கள்தான் அதிகம் பேசினார்கள். மேலிடத்துக்கு மனு போயிற்று. வருடக் கடைசியில் அவருக்கு மாற்றம் வந்தது. ஆரல்வாய்மொழிக்கு அருகில் ஒரு சிறிய சபை. அவருடைய சாமான்களை என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். காற்றாலைகள் சுற்றும் அந்தச் சாலை முழுக்க அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்து, "அண்ணே, அது நீங்க சொன்னதுதானே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அழுதே விடுவேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அவர் கேட்கவில்லை. இறங்கும்போது, "பாத்துப் போங்க அண்ணே, காத்து கூடுதலா இருக்கு" என்றார். வாடகை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இதற்குள் என் வீட்டுக் கதையையும் சொல்லாவிட்டால் இந்த ஒப்புதல் பாதி ஒப்புதலாகப் போய்விடும்.

என் மகன் ஜெபின் அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். அவன் கட்டணத்தை நான் கட்டினேன். பஸ் கட்டணம் நான் கட்டினேன். செல்போனுக்கு நெட் நான் போட்டேன். சபையின் உதவி வாங்காத வீடு என்பதால் விதி அவனைத் தொடாது. பண்டிகைக்கு முந்தின வாரம் பத்து மணிக்கு எழுந்து வந்து பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, பங்கு பங்குங்காவளே, நானும் ஏதாவது உண்டாக்கணுமா?"

"உனக்கு எதுக்குலே? உனக்கு அப்பன் இருக்கேன்."

யோசிக்காமல் வந்த பதில். ஷீலாகூடச் சிரித்தாள்.

பாருங்கள்... அவனுடைய படிப்பும் அவனுக்கு இலவசம்தானே? அவன் கையிலிருந்து ஒற்றைப் பைசா போகவில்லையே! சும்மா கிடைப்பது தங்காது என்று ஊருக்கெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவன், என் வீட்டுக்குள் சும்மா படித்துக்கொண்டிருந்தவனைக் காணவில்லை. அப்பன் கட்டினால் அது பாசம். சபை கட்டினால் அது தர்மம்; தர்மத்துக்குப் பங்கு வேண்டும். எந்த வேதத்தில் படித்தேன் இதை?

டீக்கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். கல்லூரியில் படிப்பவன் தன் செலவில் ஒரு பங்கு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? தொலைக்காட்சியிலும் நான்கு பேரை உட்கார வைத்து இதையே கேட்கிறார்கள். அரசாங்கமே முழுக்கக் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். வரி கட்டுகிறவன் முட்டாளா என்கிறார் மற்றவர். வெளிநாட்டில் மாணவனே வேலை பார்த்துப் படிக்கிறான் என்கிறார் மூன்றாமவர். எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சல் பொங்கும். எவ்வளவு என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். எப்படி வாங்குவது என்று ஒருவரும் பேசுவதில்லை. யார் முன்னால் நிறுத்தி வாங்குவது? வாங்கும்போது யார் சிரிப்பது?

"நீங்க என்ன சொல்லுதிய அண்ணே?" என்று கடைக்காரர் கேட்பார். டீ ஆறிப்போயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

ஏனென்றால் எனக்கு இன்னும் தெரியாது! இதுதான் என்னைத் தின்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், பரீட்சைக்குப் போகாதவனைப் பார்த்தால் அதே பழைய அரிப்பு வருகிறது. பங்கு கேட்டது தவறா, நான் கேட்ட விதம் தவறா என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன். பிரியவில்லை.

இந்த மாதம் கமிட்டி கூடியது. இப்போதுள்ள போதகர் வந்ததிலிருந்தே பழைய குறிப்பேட்டைப் புரட்டுகிறவர். அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"மின்னம இருந்த போதகருக்க கிறுக்குத்தனம்" என்றார் ஒரு மூப்பர். "ஒரு பிள்ளைக்க வாழ்க்கைய இல்லா கெடுத்துட்டாரு."

"ஆமா" என்றேன் நான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே! யாரும் என்னைக் கேட்கவில்லையே! ஆனாலும் சொன்னேன். "ஆமா."

பிறகு போதகர் அபிஷாவின் கல்லூரியில் விசாரித்து வந்ததைச் சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் மூன்றாம் வருடத்திலேயே உட்காரலாம். தவறினால் விட்ட படிப்பு விட்டதுதான். வேண்டுமென்றால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். முழுக் கட்டணமும் சபை கட்டும். யாராவது ஒருவர் அவளிடம் பக்குவமாகப் பேச வேண்டும்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணன்தான் செரி. அவளுக்குக் கன்னு குடுத்தவரு."

அபிஷா இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். காலை முதல் இரவு வரைக்கும் நின்றே வேலை. நேற்று முன்தினம் போனேன். கூட்டம் இருந்தது. என் முறை வரும் வரைக்கும் வரிசையில் நின்றேன். வந்ததும் முதலில் பிரஷர் மாத்திரைச் சீட்டைத்தான் நீட்டினேன். கோழை என்று நீங்கள் சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

"மாமா, டாக்டர் டோஸ் கூட்டியிருக்காரே. உப்பக் குறைக்கலியா?" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. கடைக்கு வருகிற எல்லாரிடமும் பேசுகிற குரல்.

போதகர் விசாரித்து வந்ததைச் சொன்னேன். மாதக் கடைசி என்பதையும் சொன்னேன். அவள் மாத்திரை அட்டையை எண்ணிக் கத்தரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"இந்தத் தடவ நான் என்ன கொண்டாரணும் மாமா?"

கேலி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம் மக்களே. அந்த விதிய எடுத்தாச்சு."

"அப்பம் சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் கவரில் மாத்திரையைப் போட்டு மேலே எழுதினாள். காலை ஒன்று, இரவு ஒன்று.

"சும்மா வேண்டாம் மாமா" என்றாள். "இஞ்ச நிக்கேன், கால் வலிக்கி, சம்பளம் தாறாவ. யாரும் யாருக்கும் கடன் இல்ல. சும்மா வாங்கினா, ஊருக்கு எப்பம் என்ன கேக்கணும்னு தோணுமோ, யாரு கண்டா?"

சும்மா கிடைப்பது கேவலம் என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? வேறு யார்! என் வண்டியில், ஒரு போதகரின் காதில் நான் ஊதியது, சுற்றிச் சுற்றிக் கடைசியில் இந்தப் பெண்ணின் வாயிலிருந்து எனக்கே வந்து நிற்கிறது...

பின்னால் நின்றவர் இருமினார். அவள் கவரை நீட்டினாள். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "அந்தப் பழைய போதகர் போன வருசம் போன் பண்ணினாரு மாமா. என்ன மன்னிச்சுக்கோ மக்களேன்னாரு. நான் ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன்" என்றாள். "அவருக்கு நான் என்ன செஞ்சேன் மாமா? எனக்கு எதுக்கு அப்பிடி ஒரு விதி போட்டாரு?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதானே! வரிசையில் ஆறு பேர் நின்றால் என்ன, அறுபது பேர் நின்றால் என்ன? அவளை நான் எத்தனை பேர் முன்னால் நிறுத்தினேன்? சொல்லியிருந்தால், அவள் என்னைக் கை நீட்டித் திட்டியிருக்கலாம். மாத்திரையை என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்துவிட்டுப் படிக்கவும் போயிருக்கலாம். ஓர் ஆள் மேல் உள்ள கோபத்தோடு ஒரு பிள்ளை படித்துவிட முடியும். ஒரு ஊரே நம்மைப் பார்த்துச் சிரித்தது, அது ஏனென்று இன்னும் தெரியவில்லை என்ற நினைப்போடு எப்படிப் படிக்கும்? நான் வாயைத் திறந்தால் அவளுக்கு ஒரு வாசல் திறக்கக்கூடும். எட்டாம் வகுப்புக்காரனான எனக்கே இது தெரிகிறது!

"மீதிச் சில்லற மாமா" என்றாள். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் கேட்பார். "அண்ணே, அந்தப் பிள்ள என்ன சொன்னா?" என்று கேட்பார்.

அதற்குள் மார்த்தாண்டம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைக்கிறேன். மத்தியானம் வண்டியில் லோடு ஏறிவிடுகிறது. சாயங்காலம், அந்தக் கடையில் எப்போதும் கூட்டம்தானே என்று தோன்றுகிறது. உங்களிடம் இவ்வளவு சொல்ல முடிந்த எனக்கு அவளிடம் ஒரே ஒரு வரி சொல்ல முடியவில்லை.

போதகருக்குச் சொல்லவேண்டிய பதில் மட்டும் எனக்குள் தயாராக இருக்கிறது. நான் தேடாமலேயே வந்து உட்கார்ந்துகொண்டது அது. "அவளுக்கு மனசில்ல ஐயா."

அதைச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. என்னை எனக்குத் தெரியும்.